மரமில்லா வெளியும் மோட்டார் சைக்கிளும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கரையை ஒட்டி, ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், சுண்ணாம்புக் கல்லாலான பெருவெளி ஒன்று கிடக்கின்றது. அதற்கு நல்லர்பார் என்பது பெயர். ‘மரம் ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்து ஐரோப்பியர் இட்ட பெயர் அது. மணற்குன்றுகள் அலையலையாய்க் கிடப்பதே பாலை என எண்ணியிருப்போர்க்கு இந்நிலம் வியப்பைத் தரும். இங்கு மலை இல்லை, ஆறு இல்லை. எப்போதேனும் பெய்யும் சிறு மழையும் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி மறைந்துவிடும். உவர் மண்ணில் வளரும் குறுஞ்செடிகளே கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை தென்படும்.

இவ்வெளியை ஊடறுத்துச் செல்லும் பெருவழி அயர் நெடுஞ்சாலை எனப்படும். எட்வர்டு ஜான் அயர் என்னும் ஆங்கிலேயர் 1841 ஆம் ஆண்டில் இக்கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்து சென்றார். உடன் வந்த பாக்ஸ்டர் என்பவர் வழியிலேயே கொல்லப்பட்டார். வைலி என்னும் பழங்குடி இளைஞர் ஒருவரே இறுதிவரை அயரோடு நடந்தவர். வழியில் பழங்குடி மக்கள் கூறிய அடையாளங்களைக் கொண்டு, கடற்கரை மணலைத் தோண்டிப் பெற்ற நீரே அவர்கள் உயிரைக் காத்தது. அறியாதவர்க்கு அந்நிலம் வறண்ட வெளி. அங்கே வழிவழியாக வாழ்ந்தவர்க்கோ ஒவ்வோர் ஊற்றும் பெயர் பெற்ற இடமாகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வழியில் மண்சாலை ஒன்று அமைக்கப்பட்டது. அது முழுவதும் தார்ச்சாலை ஆனது 1976 ஆம் ஆண்டில்தான். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1950 டிசம்பர் இறுதியில், வினிஃபிரெட் வெல்ஸ் என்னும் 22 வயதுப் பெண் ஒருவர் தன்னந்தனியே ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பெர்த் நகரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டார். அது கொடுங்கோடைக் காலம். புழுதியும் குழியும் நிறைந்த மண்பாதையில் நல்லர்பாரைக் கடந்து, சிட்னியை அடைந்து, மீண்டும் அதே வெளியைக் கடந்து ஊர் திரும்பினார். 21 நாட்களில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். அவரைச் சுமந்து சென்றது 350 சி.சி. ஆற்றல் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டி. அவ்வகை வண்டியே 1955 ஆம் ஆண்டு முதல் சென்னையிலும் உருவாகலாயிற்று என்பது தமிழ் மாணவர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

இன்று சாலை நன்றாக இருக்கின்றது. ஆயினும் தொலைவு குறைந்துவிடவில்லை. மேற்கே நார்ஸ்மன் என்னும் ஊரிலிருந்து கிழக்கே செடூனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இடையே ஊர் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. பெட்ரோலும் உணவும் படுக்கையும் கிடைக்கும் சாலை விடுதிகளே அங்கங்கே விளக்கேற்றி நிற்கின்றன. ஊருக்குள் ஓடும் வண்டியில் ஒரு மரையாணி கழன்றால் ஓட்டுநர் நான்கு அடி தள்ளிச் சென்று பழுது பார்க்கும் கடையில் நிறுத்துவார். அரை மணி நேரம் வீணாகும். அதே ஆணி நல்லர்பாரின் நடுவே கழன்றால் வீணாவது அரை மணி அன்று. ஒரு பகலாகவும் இருக்கலாம், வெயில் மிகுந்த நாளாயின் உயிராகவும் இருக்கலாம். ஆகவே இப்பயணம் சாலையில் தொடங்குவதில்லை. புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பு, வீட்டுக் கொட்டகையில் தொடங்குகின்றது.

முதலில் கணக்கிட வேண்டியது எரிபொருள். பயணம் போவோர் பலரும் பிழை செய்யும் இடம் இதுவே. ஒரு வண்டியின் தொட்டியில் 13 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் என்றும், ஊரில் அது லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். பெருக்கினால் 455 கிலோமீட்டர். விடுதிக்கும் விடுதிக்கும் இடையே மிகுந்த தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர்தான். எனவே அச்சமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 35 என்னும் எண் சுமையின்றி மெல்ல ஓடிய வண்டிக்கு உரியது. பெட்டிகளும் கூடாரமும் நீரும் ஏற்றிய வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றைக் கிழித்து ஓடும்போது அந்த எண் 25 ஆகக் குறைந்தாலும் வியப்பில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதனினும் விரைந்து கூடும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். மறைப்பதற்கு மரமும் மலையும் இல்லாத வெளியில் காற்றுக்குத் தடை ஓட்டுநரின் மார்பு ஒன்றே.

25 ஐ 13 ஆல் பெருக்கினால் 325. இதுவும் 190 ஐ விட மிகுதிதானே எனலாம். நார்ஸ்மனை விட்டுப் புறப்பட்டவர் ஏறத்தாழ 190 கிலோமீட்டரில் பல்லடோனியா விடுதியை அடைகின்றார். அன்று அங்கே மின்சாரம் தடைப்பட்டுப் பெட்ரோல் இறைக்கும் பொறி நின்றிருந்தால், அடுத்த விடுதியாகிய கைகூனா இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல் அப்பால் உள்ளது. இரண்டும் சேர்ந்து 370. தொட்டியோ 325 இலேயே வறண்டுவிடும். 5 லிட்டர் கொள்ளும் கலம் ஒன்று உடன் இருந்தால் 450 வரை செல்லலாம். இக்கணக்கைத் தாளில் மட்டும் போட்டுப் பார்த்தல் போதாது. முழுச் சுமையையும் ஏற்றி, தொட்டியை விளிம்புவரை நிரப்பி, 200 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் விளிம்புவரை நிரப்ப எத்தனை லிட்டர் ஆயிற்று என அளந்து பார்த்தவரே தம் வண்டியை அறிந்தவர். உடன் கொண்டுசெல்லும் கலத்தை முற்றும் நிரப்பலாகாது. வெப்பத்தில் பெட்ரோல் விரியும். புகைக்குழாயின் அருகில் அதைக் கட்டுவது பேதைமை.

அடுத்தது டயர். கைகூனாவுக்கு மேற்கே இச்சாலை ஒரு வளைவும் இன்றி 146 கிலோமீட்டர் நேராக ஓடுகின்றது. வளைவில் சாயாத வண்டியின் டயர் நடுப்பகுதியில் மட்டுமே தேய்ந்து, உருண்டை வடிவம் இழந்து தட்டையாகிவிடும். ஆதலின் பாதி தேய்ந்த டயருடன் புறப்படுதல் சிக்கனம் அன்று. காற்றின் அழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே அளத்தல் வேண்டும். நண்பகலில் டயர் சூடேறும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். அதைக் கண்டு அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் மறுநாள் காலையில் டயரில் போதிய காற்று இராது. காற்றுக் குறைந்த டயர் சுழலும்போது மிகுதியாக நெளியும், நெளிவதால் மேலும் சூடேறும், இறுதியில் பிளந்துபோகும். சூட்டைத் தணிக்கச் செய்த செயலே சூட்டைப் பெருக்கிவிடும்.

சங்கிலி, பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்வது. அது இறுகியிருந்தால் அச்சுகளைத் தேய்க்கும். தளர்ந்திருந்தால் பற்சக்கரத்தினின்று நழுவும். சுமை ஏற்றியதும் வண்டியின் பின்புறம் தாழ்வதால் சங்கிலியின் தளர்ச்சி மாறும். ஆகவே வெறும் வண்டியில் சரிசெய்ததைச் சுமையோடும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பற்சக்கரத்தின் பற்கள் சுறாமீனின் துடுப்புப்போல ஒருபுறம் வளைந்திருந்தால் அதனையும் சங்கிலியையும் சேர்த்தே மாற்றுவர். தேய்ந்த பல்லோடு புதுச் சங்கிலி நெடுநாள் வாழாது. எஞ்சினுக்குப் புதிய எண்ணெய், காற்று வடிகட்டிக்குத் தூய்மை, மின்கலத்தின் முனைகளுக்கு இறுக்கம் ஆகியவை எந்தப் பயணத்துக்கும் பொதுவானவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதிர்வைப்பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ஒரே வேகத்தில், ஒரே நேர்கோட்டில், மணிக்கணக்கில் ஓடும் எஞ்சின் ஒரே வகையாக அதிர்ந்துகொண்டே இருக்கும். ஊரில் ஓராண்டில் தளராத மரையாணி இங்கே ஒரே நாளில் தளரக்கூடும். இதற்குத் தேர்ந்த கைவினைஞர் கையாளும் முறை எளியது. ஆணியை உரிய அளவுக்கு இறுக்கியபின், ஆணியின் தலையிலிருந்து அதனருகே உள்ள இரும்பு வரை வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவர். ஆணி சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டும். ஒவ்வொரு விடுதியிலும் இறங்கியவுடன் வண்டியைச் சுற்றி வந்து கோடுகளைப் பார்த்தால் போதும். கருவியைத் தொட வேண்டுவதில்லை. தளர்ச்சிக்கு அஞ்சி ஆணிகளை அளவுக்கு மீறி முறுக்குவோரும் உளர். அவர்கள் மரையை அழித்துவிடுகின்றனர்; அழிந்த மரை எதனையும் பற்றாது.

கருவிகளை எடுத்துச் செல்வதில் ஒரு தேர்வு உண்டு. புறப்படுமுன் ஒருநாள், கொட்டகையில் உள்ள கருவிகளையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு, பயணப் பையில் உள்ளவற்றை மட்டும் கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, காற்றடித்து, மீண்டும் பூட்ட வேண்டும். இவ்வாறு செய்தவர்களுள் பலர் அப்போதுதான் அச்சாணிக்குரிய பெரிய ஸ்பேனர் பையில் இல்லை என்பதைக் காண்பர். மாற்று டியூப் இரண்டு இருந்தும் சக்கரத்தைக் கழற்ற வழியில்லாதவர் கையில் இருப்பது வெறும் சுமையே. கிளச்சுக் கம்பியின் மாற்றைப் பையில் வைக்காமல், பழைய கம்பியின் பக்கத்திலேயே அதே வழியாகச் செலுத்திக் கட்டிவைப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். பழையது அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டுவதே வேலை. புத்தம்புதிய உறுப்பு எதனையும் புறப்படும் நாளுக்கு முன்தினம் பொருத்தலாகாது. பொருத்தியபின் சில நூறு கிலோமீட்டராவது வீட்டருகே ஓட்டினால், பிழை இருப்பின் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சுமையைத் தாழவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் கட்ட வேண்டும். பின்னால் உயரக் கட்டிய மூட்டை முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். ‘சாலைத் தொடர்’ என அங்கு வழங்கும் பெருஞ்சரக்கு வண்டிகள், ஒன்றின்பின் ஒன்றாகப் பூட்டிய இழுவண்டிகளுடன் 30 மீட்டருக்கு மேலும் நீண்டு எதிரே விரையும். அவை கடக்கும்போது எழும் காற்று வீச்சு மோட்டார் சைக்கிளை ஒதுக்கித் தள்ளும். சுமை சரியாக அமைந்த வண்டி அசைந்து நிலைக்கும், அமையாதது தடுமாறும்.

இனி ஓட்டுநரின் உடல். வெப்பம் 40 பாகையைக் கடந்த நாளில் மேற்சட்டையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குதல் இன்பமாகத் தோன்றும். ஆனால் அக்காற்று உடலைவிடச் சூடானது. வியர்வையை அது தோன்றிய கணத்திலேயே உலர்த்திவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. நீர் வற்றுவதை நாவு உணர்த்துமுன் தலை சுற்றத் தொடங்கும். ஆகவே சட்டையை ஓரளவு மூடி, உள்ளே நனைத்த துணியை அணிந்து செல்வதே ஏற்றது. நீரை ஒரே கலத்தில் வைக்காமல் இரண்டில் வைப்பர். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று உதவும். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துவிட்டு நீரை இலவசமாகக் கேட்பது அங்கே எடுபடாது. விடுதிக்காரர்க்கும் நீர் அரிய பொருளே.

‘மரமில்லா வெளி’ என்னும் பெயரை நம்பிச் செல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். சாலையின் பெரும்பகுதி உண்மையில் குறுமரக் காடுகளின் வழியே செல்கின்றது; முற்றும் மரமற்ற நிலத்தை அது தொடுவது சிறு தொலைவுக்கே. அக்குறுமரங்களிடையே கங்காருக்கள் பகலில் மறைந்து கிடந்து, வைகறையிலும் அந்தியிலும் சாலைக்கு வருகின்றன. விளக்கொளியைக் கண்டு அவை விலகுவதில்லை. சில வேளை வண்டியின் குறுக்கேயே பாய்கின்றன. எனவே முன்விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தாலும், கதிரவன் நன்கு எழுந்த பின்னரே புறப்பட்டு, அவன் சாய்வதற்கு முன் விடுதியை அடைவதே முறை. ஒருநாள் செல்லத்தக்க தொலைவை வண்டியின் ஆற்றல் அன்று, பகலின் நீளமே வரையறுக்கின்றது.

கைப்பேசிக்கு அங்கே பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிவிக்கும் சிறு கருவியைப் பலர் கொண்டுசெல்கின்றனர். அதைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் உடலோடு கட்டிக்கொள்வர். விழுந்த வண்டி ஓரிடத்திலும் ஓட்டுநர் வேறிடத்திலும் கிடக்க நேரலாம் அன்றோ? சாலையின் சில பகுதிகளில் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் வரையப்பட்டிருக்கும். பறக்கும் மருத்துவர் பணியின் விமானம் அவ்விடங்களில் சாலையின்மீதே இறங்கும். எந்த நாளில் எந்த விடுதியில் தங்குவார் என்னும் குறிப்பை ஓட்டுநர் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துச் செல்வதும், ஒவ்வொரு மாலையும் அவர்க்குச் செய்தி அனுப்புவதும் வழக்கம்.

இவ்வளவும் செய்த பின்னரும் வண்டி நின்றுவிட்டால், அதை விட்டு நடந்து செல்லலாகாது. நடப்பவர் விரைவில் நீரை இழப்பார். வானிலிருந்தோ சாலையிலிருந்தோ தேடுவோர்க்கு மனிதன் தென்படுவதைவிட வண்டி எளிதில் தென்படும். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயை அதன் ஒருபுறம் கட்டி நிழல் அமைத்து, அதன்கீழ் அமர்ந்து காத்திருத்தல் வேண்டும். அவ்வழியே வரும் சரக்கு வண்டிக்காரர், நின்ற வண்டியைக் கண்டால் பெரும்பாலும் நிறுத்தாமல் போவதில்லை.