சருகில் வாழும் அந்துப்பூச்சி: பகையா, துணையா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் பலா, ஈரப்பலா, மா ஆகிய மரங்களின் கீழ்க் கிடக்கும் ஈரச் சருகைக் கிளறினால், மண்ணிறமான சிறு அந்துப்பூச்சிகள் எழுந்து, சிறிது தூரம் பறந்து, மீண்டும் பதுங்குவதைக் காணலாம். இவற்றை வெட்டுப்புழுவின் தாய் எனக் கருதிச் சிலர் சருகைக் கொளுத்துகின்றனர். சிலர் கிருமிநாசினி தெளிக்கின்றனர். இரண்டும் நட்டத்தையே தரும்.

இவை ஹெர்மினினே என்னும் உபகுடும்பத்தைச் சேர்ந்தவை. வாயருகிலிருந்து மூக்குப்போல் முன்னே நீண்ட உறுப்புக்கள் இவற்றின் அடையாளமாகும். பகலில் சருகினுள் ஒடுங்கி இரவில் நடமாடும். பெரும்பாலானவற்றின் புழுக்கள் உக்கும் இலைகளையே தின்று, சருகினிடையே கூட்டுப்புழுவாகிப் பின் அந்தாக வெளிவரும். புழு தின்று கழித்த எச்சம் விரைவில் உக்கி மண்ணுக்குப் பசளையாகும். பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை 3 பாகங்களாக வெளியிட்ட இலங்கை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி நூலிலேயே இத்தகைய சிறு அந்துக்களும் இடம்பெற்றுள்ளன.

வெட்டுப்புழு வேறு. அது கருஞ்சாம்பல் நிறமுடையது. எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். தொட்டால் வளையமாகச் சுருளும். பகலில் மண்ணில் மறைந்து, இரவில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களை நிலமட்டத்தில் அறுக்கும். நெல்லைத் தாக்கும் மஞ்சள் தண்டு துளைப்பானும் வேறு. அதன் பெண் அந்து வைக்கோல் நிறமுடையது. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு.

ஐயம் தோன்றின், புழுவை ஒரு போத்தலில் இட்டு, பச்சை நாற்றிலை ஒன்றையும் உக்கிய ஈர இலை ஒன்றையும் வைத்து, வாயைத் துணியாற் கட்டுக. மறுநாட் காலையில் எவ்விலை குறைந்துள்ளதெனப் பார்த்தால் உண்மை விளங்கும்.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. நாற்றுமேடையை நடுகைக்கு இரு வாரம் முன்னரே கொத்திப் புரட்டுக. மண்ணிலுள்ள புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பறவைகள் தின்னும்.
2. இளநாற்றின் அடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் சருகை விலக்குக. நாற்று முற்றியபின் மீண்டும் பரப்புக.
3. நாற்று அறுபட்டிருப்பின், அதன் அடிமண்ணைக் கிளறியும், இரவில் கைவிளக்குடன் தேடியும் வெட்டுப்புழுவைப் பிடித்து அழிக்குக.
4. மிகுந்த சருகைக் கூட்டெருக் குழியில் இடுக. எரித்தால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

சருகில் நஞ்சு தெளித்தால், வெட்டுப்புழுவைத் தின்னும் சிலந்தியும் தரைவண்டும் முதலில் மடியும். அதன்பின் நாற்றுக்குக் காவல் இல்லை. ஆகவே, பூச்சியை இனங்கண்ட பின்னரே மருந்தை எண்ணுக; தேவைப்படின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை முதலில் கலந்துகொள்க.