கணினிக்குள் ஒரு கணினி: மந்தம் ஏன்? மருந்து என்ன?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கலாம் என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். ஆயினும் இது புதிய விடயமன்று. ஐ.பி.எம். நிறுவனம் தனது பெருங்கணினிகளுக்காக 1972 ஆம் ஆண்டிலேயே வி.எம்/370 என்னும் முறைமையை அறிவித்தது. அதன்மூலம் ஒரே பொறியைப் பலரும் தத்தமக்கெனத் தனிக்கணினி இருப்பது போலப் பயன்படுத்தினர். இன்று வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அவ்வசதியை நமது மடிகணினிக்கே கொண்டுவந்துள்ளன. இவ்வாறு உள்ளே இயங்குவதை மெய்நிகர் பொறி என்பர். வெளியே உள்ள உண்மையான கணினியை வீட்டுக்காரர் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தாளி என்றும் கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நான் லினக்ஸைப் பழகிப் பார்க்க விரும்பினேன். வீட்டிலிருப்பதோ ஒரே மடிகணினி. வாப்பாவின் கடைக்கணக்கு முழுவதும் அதிலுள்ள விண்டோஸில்தான் இருக்கிறது. அதை அழிக்க முடியாது. எனவே வேர்ச்சுவல்பொக்ஸில் உபுண்டுவை நிறுவினேன்.

நிறுவியதும் சோதனை தொடங்கியது. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி சற்றுப் பிந்தியே நகர்ந்தது. சாளரத்தை இழுத்தால் துண்டுதுண்டாக இழுபட்டது. "கணினி பழசாப் போச்சு போல. அடுத்த மாசம் சீட்டுக் காசு வருது, புதுசு ஒண்டு வாங்குவோம்" என்றார் உம்மா. அந்தக் காசு வீட்டுக் கூரை திருத்த ஒதுக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். "ஒரு கிழமை பொறுங்க உம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் டீச்சர் ஓர் அறிவுரைதான் சொன்னார்: "ஒரு நேரத்தில ஒன்றை மட்டும் மாற்றுங்க. மாற்றியதையும் நடந்ததையும் கொப்பியில எழுதுங்க." அந்தக் கொப்பியில் எழுதியவையே இக்கட்டுரை.

1. வன்பொருளின் உதவி கிடைக்கிறதா?

மெய்நிகர் பொறியை வேகமாக இயக்குவதற்கென இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் தமது முறைவழியாக்கிகளில் ஒரு வசதியை வைத்துள்ளன. இன்டெல்லில் அது வி.டி-எக்ஸ் எனவும் ஏ.எம்.டி.யில் ஏ.எம்.டி-வி எனவும் பெயர்பெறும். விண்டோஸின் டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குச் சென்று சி.பி.யு.வைத் தெரிவுசெய்தால், வேர்ச்சுவலைசேஷன் இயங்குநிலையில் உள்ளதா என்று காணலாம். இல்லையெனில் கணினி தொடங்கும்போது தோன்றும் பயோஸ் அமைப்பில் அதனை இயக்க வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸின் ஹைப்பர்-வி என்னும் வசதி ஏற்கெனவே இவ்வுதவியைக் கைப்பற்றியிருந்தால், வேர்ச்சுவல்பொக்ஸ் சாளரத்தின் அடியில் சிறிய ஆமைச் சின்னம் தோன்றும். மெதுவாக ஓடுகிறேன் என்று அது தானே ஒப்புக்கொள்கிறது! ஹைப்பர்-வி தேவையில்லையெனில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அதனை நிறுத்தலாம். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியும் ஆமை தோன்றக் காரணமாகலாம். அதை விவரம் அறிந்தவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. என் கணினியில் ஆமை இருக்கவில்லை. அடுத்த படிக்குச் சென்றேன்.

2. நினைவகத்தைப் பங்கிடுதல்

இங்கேதான் என் முதற் தவறு அகப்பட்டது. எங்கள் கணினியின் நினைவகம் 8 ஜி.பி. கூடக் கொடுத்தால் கூட ஓடும் என்றெண்ணி, விருந்தாளிக்கு 6 ஜி.பி. கொடுத்திருந்தேன். மீதி விண்டோஸுக்குப் போதாமல், அது வன்தட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கியது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆகவே இருவருமே தளர்ந்தனர். விருந்தாளிக்குச் சோறு முழுவதையும் போட்டுவிட்டு வீட்டுக்காரர் பட்டினி கிடந்தால் விருந்து நடக்குமா? 4 ஜி.பி. ஆகக் குறைத்ததும் நிலைமை பாதி சீரானது. முறைவழியாக்கியின் கருக்களையும் இவ்வாறே பங்கிட வேண்டும். நினைவகத்துக்கும் கருக்களுக்கும் உரிய அளவுகோல்களில் பச்சை, சிவப்புப் பகுதிகள் உள்ளன. பச்சையைத் தாண்டாதிருப்பது நன்று.

3. திரை

விருந்தாளிக்கு உண்மையான வரைவியல் அட்டை தெரியாது. போலியான ஒன்றே காட்டப்படுகிறது. அதற்குத் துணை இல்லாதபோது, திரையின் ஒவ்வொரு அசைவையும் முறைவழியாக்கியே வரைய நேரிடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழியுண்டு. உபுண்டுவின் சிஸ்டம் மொனிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் சாளரமொன்றை அங்குமிங்கும் இழுங்கள். முறைவழியாக்கியின் சுமை சட்டென ஏறினால் குறை திரையில்தான்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்தேன். வீடியோ மெமரி 16 எம்.பி. என இருந்தது, அதனை 128 ஆக்கினேன். கிராஃபிக்ஸ் கொன்ட்ரோலர் லினக்ஸுக்கு வி.எம்.எஸ்.வி.ஜி.ஏ. ஆகவும், விண்டோஸ் விருந்தாளிக்கு வி.பொக்ஸ்.எஸ்.வி.ஜி.ஏ. ஆகவும் இருத்தல் வேண்டும். முப்பரிமாண முடுக்கத்தையும் இயக்கினேன். சில கணினிகளில் இம்முடுக்கத்தால் திரை மின்னக்கூடும். அவ்வாறாயின் மீண்டும் நிறுத்திவிடலாம்.

4. சுட்டி

சுட்டியின் நோய் பெரும்பாலும் திரையின் நோயே. அம்புக்குறியையும் விருந்தாளியே வரைவதால், திரை பிந்தினால் அதுவும் பிந்தும். இதற்கு மருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணை மென்பொருளாகும். டிவைசஸ் பட்டியலிலிருந்து அதன் இறுவட்டைச் செருகி, விருந்தாளிக்குள் நிறுவ வேண்டும். நிறுவியபின் அம்புக்குறியை வீட்டுக்காரரே நேரடியாக வரைகிறார். திரையின் அளவும் சாளரத்துக்கேற்பத் தானாகப் பொருந்துகிறது.

அதனை நிறுவ முடியாவிடின், சிஸ்டம் பகுதியில் பொயின்டிங் டிவைஸ் என்பதை யு.எஸ்.பி. டெப்லட் என மாற்றலாம். பழைய பி.எஸ்/2 சுட்டி "எவ்வளவு நகர்ந்தேன்" என்று மட்டுமே சொல்லும். டெப்லட் "எங்கே நிற்கிறேன்" என்று சொல்லும். அம்புக்குறி விருந்தாளிக்குள் சிறைப்பட்டால், வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்தி மீட்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் மந்தம் தொடர்ந்தால், உபுண்டுவுக்குப் பதிலாக இலகுவான இடைமுகம் கொண்ட சுபுண்டு அல்லது லுபுண்டுவை நிறுவிப் பார்க்கலாம்.

கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவிய அன்று மாலை, உம்மாவை அருகில் அழைத்து சுட்டியை நகர்த்தச் சொன்னேன். அவர் கையோடு அம்புக்குறியும் ஓடியது. "அப்ப கூரையைத் திருத்துவோம்" என்றார் உம்மா.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கணினி மந்தமானதும் புதியது வாங்க முடிவெடுக்காதீர்கள். சில கணினிகள் உண்மையாகவே ஓய்ந்தவைதான். ஆனால் அதனைச் சோதித்தறிந்த பின்னரே சொல்ல முடியும். பிள்ளைக்கு ஒரு கொப்பியும் ஒரு கிழமை அவகாசமும் கொடுத்துப் பாருங்கள். மாணவிகளே, எதையும் மாற்றுமுன் ஸ்னாப்ஷொட் ஒன்றை எடுத்து வையுங்கள். உள்ளே என்ன பிழைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.