கம்பெனி ஓடினாலும் சொத்து ஓடாது



மல்லாங்கிணறு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "தீப்பெட்டி ஆபீஸ் கூலியில மாசாமாசம் கட்டினேன். இன்சூரன்ஸ் மாதிரின்னு சொன்னாங்க. வெளிமாநிலக் கம்பெனி, கிளையைப் பூட்டிட்டான். இனி யாரைக் கேட்க?"

வழி இருக்கிறது. தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் வந்தது. வாங்கிய டெபாசிட்டை நிதி நிறுவனம் திருப்பித் தராவிட்டால் அதன் நிலம், கட்டடம், வங்கிப் பணத்தை அரசு ஜப்தி செய்யலாம். சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்ததும் அதை விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இந்தச் சட்டம் செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் விற்ற பணம் போதாவிட்டால் அவரவர் கட்டியதற்கு ஏற்ற பங்குதான் வரும். நாளும் ஆகும். டெல்லியிலிருந்து நடந்த பி.ஏ.சி.எல். கம்பெனியின் நிலங்களை விற்க 2016-ல் உச்ச நீதிமன்றம் லோதா குழுவை அமைக்கச் சொன்னது. அந்த வேலை பல வருடம் இழுத்தது.

நாம் செய்ய வேண்டியது:

1. பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் தாமதிக்காமல் புகார் கொடுங்க.
2. ரசீது, பத்திரம் எதையும் தொலைக்காதீங்க. அசலை ஏஜெண்டிடம் கொடுக்காதீங்க.
3. இன்சூரன்ஸ் என்று யார் வந்தாலும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்க.

குழுவில் பேசுங்க: நம்மில் யார் யாரிடம் இப்படிப்பட்ட ரசீது இருக்கிறது?