சாமை அறுப்பும் வருகைப் பதிவேடும்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பேருந்து எட்டாத ஒரு சிற்றூரில் உபாத்தியாயராக இருந்து நான் கற்றுக்கொண்டவற்றை, இனி அத்தகைய ஸ்தலங்களுக்கு நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தினால் எழுதுகிறேன். அங்கே பாடம் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு சிரமமான காரியம் அன்று. பிள்ளைகளைப் பாடசாலையில் நிலைக்கச் செய்வதுதான் பெரும் பிரயாசை.

மலையாளிப் பழங்குடியினருக்குக் கல்வியில் சிரத்தை இல்லை என்று சமவெளியில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நம்பி மலையேறுகிறவர், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு குறியை இட்டுவிட்டுத் தம் கடமை முடிந்ததாக இருந்துவிடுவார். அன்று மாலையே அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போய் விசாரிப்பவருக்கோ, அநேகமாக ஒவ்வொரு முறையும், தாமே அந்த வீட்டில் பிறந்திருந்தாலும் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது என்று சொல்லத்தக்க ஒரு காரணம் தெரியவரும். ஆடியில் விதைத்த சாமை ஐப்பசியில் அறுப்புக்கு வரும்போது தாயும் தகப்பனும் விடியுமுன் கொல்லைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் எஞ்சுவது மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்திதான். “நான் அறுப்புக்குப் போயிட்டா இத யாரு வாத்தியாரே பாத்துக்கறது?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு வழி சொல்லாமல் கல்வியின் மேன்மையைப் பற்றி அவளிடம் பிரசங்கம் செய்வது அவமரியாதை என்றே எனக்குத் தோன்றியது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரட்டும் என்றேன். வகுப்பின் ஓரத்தில் ஒரு பாயை விரித்து, அறுப்பு முடியும் வரையில் தம்பி தங்கையரை அங்கே இருக்கவிட்டோம். சத்தம் இருந்தது, பாடமும் நடந்தது, அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கவில்லை.

அத்தகைய வீடுகளில் காலையில் அடுப்பு எரிவதில்லை என்பதையும் புதிதாக வருகிறவர் மனத்தில் கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது மலைப் பிள்ளைகளுக்கு எத்தகைய உபகாரம் என்பதை, அதற்கு முன் பசியோடு மதியம் வரை அமர்ந்திருந்த முகங்களைப் பார்த்தவர்களே அறிவார்கள்.

அறுப்பைக் காட்டிலும் கடுமையான சோதனை காப்பித் தோட்டம். கார்த்திகை முதல் மாசி வரையில் குடகிலும் சிக்கமகளூரிலும் பழம் பறிக்கும் காலமாதலால், குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுவார்கள். புறப்பட்ட பின் வருந்திப் பயனில்லை. அதற்கு முன்பே, தீபாவளிக்குள், யார் யார் போகிறார்கள் என்று விசாரித்து, பாட்டி தாத்தாவோடு விட்டுச் செல்ல முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாதென்றால் வற்புறுத்தாமல், ஒரு நோட்டும் படிக்கத் தக்க சில பக்கங்களும் கொடுத்தனுப்ப வேண்டும். திரும்பி வருகிற பிள்ளையைப் பற்றி எவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. கல்வியாண்டின் நடுவே வந்தாலும் சேர்க்கையை மறுக்கலாகாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்திச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாக விதிக்கிறது. ஆனால் சட்டம் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே வந்த பிள்ளையின் கூச்சத்தைப் போக்காது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் உருவாகி, 2007 வாக்கில் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகள் எனக்குப் பெரும் துணையாக இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாமாதலால், பின்தங்கியவன் என்று எவனையும் தனியே நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பிற்பாடு முறைகள் மாறிய போதும் அந்த ஒரு தத்துவத்தை நான் கைவிடவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு அதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியாது.

பெற்றோரின் நம்பிக்கை கூட்டம் கூட்டிப் பேசுவதால் வருவதன்று. மாசியில் புளி உலுக்கி வியாபாரியிடம் போடும்போது அவர் எழுதிக் கொடுக்கும் எடைச் சீட்டையே நான் கணக்குப் பாடமாக்கினேன். நான்காம் வகுப்புப் பையன் தகப்பனுடைய சீட்டைப் படித்து, எடையையும் விலையையும் பெருக்கி, வரவேண்டிய தொகை இவ்வளவு என்று சொன்ன பிறகு, அந்த வீட்டிலிருந்து ஒரு நாளும் பிள்ளையை அழைத்துவர நான் போக நேர்ந்ததில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடாதிருக்க இரண்டு காரியங்களில் ஜாக்கிரதை வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியரால் வழங்கப்படுவதாகையால், அதற்காக மலையிறங்கி அலைய வேண்டியிருக்கும். மூன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குவது உத்தமம். மற்றொன்று, உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்த பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஊர்த் திருவிழாவுக்கு வந்து அப்படியே வீட்டில் தங்கிவிடுவது. அவர்கள் நம் பதிவேட்டில் இல்லாதவர்கள் என்று ஒதுங்கியிருக்கலாகாது. திருவிழா முடிந்த மறுநாள் ஆசிரியர் கட்டாயமாக ஊரில் இருந்து, தகப்பனும் பிள்ளையுமாகப் புறப்படும்போது பேருந்து நிற்கும் இடம் வரையில் கூடவே நடந்து சென்று ஏற்றிவிட்டு, விடுதிக் காப்பாளருக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும்.