பூர்ச்ச மரத்து அசுவினி: இனங்காணும் முறை

இமயத்தின் உயர்ந்த சரிவுகளில், வேறு மரங்கள் வளர இயலாத எல்லை வரையில், பூர்ச்ச மரங்கள் காடாக நிற்கின்றன. காகிதம் போல் உரியும் இவற்றின் பட்டை பண்டைக் காலத்தில் ஏடாகப் பயன்பட்டது. 1881ஆம் ஆண்டு பக்ஷாலியில் கிடைத்த கணிதச் சுவடி இப்பட்டையில் எழுதப்பட்டதேயாகும். இதே குடும்பத்து மரங்கள் ஐரோப்பாவின் காடுகளிலும் பூங்காக்களிலும் மிகுதியாக உள்ளன. இவற்றின் சாற்றை உறிஞ்சி வாழும் அசுவினிகள் பல இனங்களாகும். பயிர்ப் பாதுகாப்புப் பதிவேட்டில் ‘அசுவினி’ என்று மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வது பரவலான வழக்கம். அது போதாது என்பதற்கு ஐரோப்பிய அனுபவம் ஒன்று சான்றாகும்.

அங்கு பூர்ச்ச இலைகளில் காணப்படும் பெரிய பச்சை அசுவினி, யூசெராஃபிஸ் பங்டிபென்னிஸ் என்ற ஒரே பெயரால் நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. 1855இல் கோக் என்பவர் பெட்டுலே என்று வேறு பெயர் சூட்டியிருந்தும், அது தனி இனமாகக் கொள்ளப்படவில்லை. 1976, 1977ஆம் ஆண்டுகளில் பிளாக்மன் என்னும் ஆய்வாளர் குரோமோசோம்களை ஆராய்ந்து, அங்கிருப்பவை இரண்டு இனங்கள் என நிறுவினார். வெள்ளிப் பூர்ச்சத்தில் வாழ்வது பெட்டுலே. மென்மயிர்ப் பூர்ச்சத்தில் வாழ்வது பங்டிபென்னிஸ். மரத்தின் பெயரைக் குறிக்காத பழைய பதிவுகள் எவ்வினத்தைச் சுட்டுகின்றன என்று இன்று கூற வழியில்லை. உழைத்துத் திரட்டிய தகவல் இவ்வாறு வீணாவது வருந்தத்தக்கது.

எனவே பூச்சிக்கு முன் மரத்தை அறிய வேண்டும். வெள்ளிப் பூர்ச்சத்தின் இளங்கிளையில் மயிரில்லை. பிசின் பருக்கள் தடவினால் சொரசொரப்பாகத் தென்படும். மற்றதன் இளங்கிளை மெல்லிய மயிர் போர்த்தது. மரத்தின் மேல் இருந்த பூச்சியெல்லாம் அம்மரத்திற்கு உரியது என்றும் கொள்ளலாகாது. சிறகுள்ள அசுவினி காற்றில் வந்து எங்கும் அமரும். அதனருகே குஞ்சுகளும் உள்ளனவா என்று நோக்குவதே தக்க சோதனை.

அடுத்து, அது இருக்கும் இடமும் தோற்றமும். யூசெராஃபிஸ் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுடையது. இலைகளில் தனித்தனியே அமர்ந்திருக்கும். உடலில் நீலங்கலந்த வெண்மெழுகு படிந்திருக்கும். கோடையில் குஞ்சு ஈனும் பெண்கள் அனைத்தும் சிறகுடையவை. இலையுதிர் காலத்தில் முட்டையிடும் பெண்களுக்கே சிறகில்லை. பளபளக்கும் பழுப்பு நிறத்துடன், எறும்புகள் சூழக் கிளையில் கூட்டமாக இருப்பது சிமிடோபியஸ். இலையின் அடியில் வெளிறிய சிற்றுடலுடன் ஒட்டியிருப்பது பெட்டுலாஃபிஸ் ஆகலாம்.

கண்ணால் காண்பது பேரினத்தோடு நின்றுவிடும். இனத்தைத் துணிய, பூச்சியைச் சாராயத்தில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் உடலைத் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, உணர்கொம்பின் மூன்றாம் கணுவிலுள்ள உணர்குழிகளையும் வயிற்றுக் குழல்களையும் வால் நுனியையும் நுண்ணோக்கியால் ஆராய வேண்டும்.

இமயத்திலும் பூர்ச்சம் ஒன்றன்று. உயரத்தில் வளர்வது பெட்டுலா யூட்டிலிஸ். தாழ்ந்த சரிவுகளில் நீண்டு தொங்கும் பூங்கொத்துகளுடன் நிற்பது பெட்டுலா ஆல்னாய்ட்ஸ். ஆகவே சேகரிப்போர் சீட்டில் மரத்தின் இனம், இடம், உயரம், நாள், பூச்சி இலையில் இருந்ததா கிளையில் இருந்ததா என்பவற்றை எழுதி, அம்மரத்தின் ஒரு சிறு கிளையையும் உலர்த்தி உடன் அனுப்புதல் வேண்டும்.