வைஃபை வீட்டுக்கு வந்தது, லேப்டாப்புக்கு வந்ததா?



சென்ற ஆண்டு ஒரு தாயார் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை இங்குள்ள கணினியில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். “ஏம்மா, வீட்டில் நெட் இல்லையா?” என்றோம்.

“இருக்கு காக்கா. எட்டு மாசமா பில்லு கட்டுறோம். போன்ல எல்லாம் நல்லா வருது. புள்ளையோட லேப்டாப்புலதான் வரமாட்டேங்குது. மவன் சவூதியிலேர்ந்து லீவுல வந்தா பாப்பான்னு இருந்தோம்” என்றார்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் முந்தின தினமே முடிந்திருந்தது. அந்த ஆண்டு உதவித்தொகை அப்பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது. மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்தோம். கோளாறு என்று எதுவும் இல்லை. அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேர வேலையை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். இணைப்புக் கொடுக்க வந்தவர் போனில் நெட் வந்ததைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மீதியை மகன் வந்து பார்ப்பான் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள்.

இந்த நிலை வேறு பல வீடுகளிலும் இருப்பதைப் பிறகு அறிந்தோம். அதனால் அந்த அரை மணி நேர வேலையை இங்கே வரிசையாக எழுதுகிறோம். வெளிநாட்டிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் தாய்மாரும் பிள்ளைகளுமே செய்துவிடலாம்.

யார் பெயரில், எந்த எண்ணில்?

இணைப்பு வாங்கும்போது ஆதார் போன்ற சான்று கேட்பார்கள். ஒரு செல்போன் எண்ணும் கேட்பார்கள். பல வீடுகளில் வெளிநாட்டிலுள்ள வாப்பாவின் பெயரையும், ஊரில் அவர் விட்டுச்சென்ற பழைய எண்ணையும் கொடுத்துவிடுகிறோம். பிறகு புகார் செய்தாலும், திட்டத்தை மாற்றினாலும், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். சிம் உயிரோடு இல்லையென்றால் எதுவும் நடக்காது. ஆகவே வீட்டில் எப்போதும் இருப்பவரின் பெயரும், அவர் கையிலிருக்கும் எண்ணும் கொடுப்பதே நல்லது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் ஒரு விநாடிக்கு 40 மெகாபைட் இறங்கும் என்று பொருளல்ல. அந்தக் கணக்கு ‘பிட்’டில் சொல்லப்படுவது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே விநாடிக்கு 5 மெகாபைட்தான் வரும். 600 மெகாபைட் உள்ள ஒரு வீடியோ பாடம் இறங்க இரண்டு நிமிடம் ஆகும். ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பில் உட்கார 4 எம்பிபிஎஸ் போதும். நாலைந்து பேர் உள்ள சாதாரண வீட்டுக்கு ஆரம்பநிலைத் திட்டமே பெரும்பாலும் தாராளம். விளம்பரத்தில் சொல்லும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

சுவரில் துளை போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நமது பழைய வீடுகள் நீளமானவை, சுவர்களும் கனமானவை. ஒயர் தெருவாசல் வழியாக வருவதால் பெட்டியையும் வாசல் கூடத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். பிள்ளை படிப்பதோ கடைசி அறையில். மேலே சொன்ன வீட்டில் பெட்டி முன்கூடத்தில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வைஃபை அலை மரத்தைத் தாண்டும், செங்கல்லை ஓரளவு தாண்டும், கம்பி போட்ட கான்கிரீட்டைத் தாண்டத் திணறும், இரும்புத் தகட்டில் பட்டால் திரும்பிவிடும்.

பெட்டி வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்கட்டும். பீரோ, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, பெரிய கண்ணாடி ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதிலிருந்தும் தள்ளி வையுங்கள். அது ஓடும்போது வைஃபை தடுமாறும். உள்ளே வரும் ஃபைபர் ஒயரில் கண்ணாடி இழை இருக்கிறது. அதை மடிக்கவோ, கதவிடுக்கில் நசுக்கவோ கூடாது. பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளியே உள்ளே வரவில்லை என்று பொருள். அப்போது லேப்டாப்பைக் குடைந்து பயனில்லை. நிறுவனத்துக்குப் புகார் சொல்லிவிட வேண்டியதுதான்.

லேப்டாப்பை இணைப்பது

முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அச்சாகியிருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் திரையின் கீழ் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், விசிறி போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வரும். ஒரு பெயரும் வரவில்லையென்றால் விமானக் குறி போட்ட ‘ஏர்பிளேன் மோடு’ தவறுதலாக அழுந்தியிருக்கலாம். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு அடித்து, ‘கனெக்ட்’ கொடுங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலும் தவறு இங்கேதான் நேர்கிறது.

பல பெட்டிகள் இரண்டு பெயர்களில் வைஃபை தருகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவதன் பெயரின் கடைசியில் ‘5ஜி’ என்று சேர்த்திருப்பார்கள். இதற்கும் செல்போன் 5ஜி-க்கும் சம்பந்தமில்லை. 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளரும். 2.4 வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். பழைய லேப்டாப்புகள் பலவற்றிலும் விலை குறைந்த சிலவற்றிலும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது.

அந்தத் தாயார் வீட்டில் நடந்தது இதுதான். ‘5ஜி’ பெயருக்கு மட்டும் புதிய பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். போன்களெல்லாம் அதில் ஏறிக்கொண்டன. லேப்டாப்புக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அதற்குத் தெரிந்த மற்றொரு பெயருக்கு அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுச் சலித்துப்போனார்கள். ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டதும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

பூட்டுப் போடுவது

நெட் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். முக்கியமான வேலை இனிமேல்தான். பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றது பெட்டியின் அமைப்புகளைத் திறப்பதற்கு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, மேலேயுள்ள முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1 ஆக இருக்கும், ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே கேட்கும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். நிறுவனம் அதைப் பூட்டி வைத்திருந்தால், அவர்களிடமே சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளே போய்ச் செய்ய வேண்டியவை:

1. அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

2. வைஃபை பாஸ்வேர்டை 12 எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். செல்போன் எண், பிள்ளைகளின் பெயர், பிறந்த ஆண்டு வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்தால் நினைவில் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் முடியாது.

3. வைஃபையின் பெயரில் கதவு எண்ணோ குடும்பப் பெயரோ வேண்டாம்.

4. பாதுகாப்பு வகையில் ‘டபிள்யூபிஏ2’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ இருக்கட்டும். ‘ஓபன்’ என்று இருந்தால் கதவு திறந்தே கிடக்கிறது. ‘டபிள்யூஇபி’ என்பது 1997-ல் வந்த பூட்டு. அதை உடைக்கலாம் என்பது 2001-லேயே வெளிவந்துவிட்டது.

5. ‘டபிள்யூபிஎஸ்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி இணைக்கும் அந்த வழி, பூட்டைத் தாண்டி உள்ளே வரவும் வழியாகிவிடும்.

மாற்றியபின் வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் நெட்டை விட்டுவிடும். பயப்பட வேண்டாம். புதிய பாஸ்வேர்டை ஒவ்வொன்றிலும் ஒருமுறை போட்டால் போதும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். உங்கள் வைஃபையில் ஏறி யாராவது ஒரு மோசடியோ மிரட்டலோ செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். தெருமுனையில் கூடும் பையன்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லிவைப்பது தாராளமல்ல, கவனக்குறைவு. விருந்தாளிகள் வந்தால் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று தனிப் பெயர் போட்டுக் கொடுக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதே போல், அடுத்த வீட்டு வைஃபை திறந்து கிடக்கிறது என்று நம் பிள்ளைகள் அதில் ஏறினால் கண்டியுங்கள். கேட்காமல் அடுத்தவர் கிணற்றில் இறைப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பிள்ளைகளுக்காக

தகாத பக்கங்கள் வராமல் தடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பெட்டியின் அமைப்புகளில் ‘டிஎன்எஸ்’ என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்றும் போட்டால், ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்காக இதை இலவசமாகத் தருகிறது. இது முழுப் பாதுகாப்பு அல்ல. போனிலுள்ள சிம் வழியாகப் போகும் நெட்டை இது தடுக்காது. லேப்டாப் கூடத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் இருப்பதும், உம்மாவுக்கும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்திருப்பதும் இதைவிடப் பெரிய காவல்.

நெட் நின்றால்

உடனே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். வரிசையாகப் பாருங்கள். போனிலும் வரவில்லையென்றால் கோளாறு பெட்டியிலோ வெளியிலோ இருக்கிறது. பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லையென்றால், லேப்டாப்பைப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே வந்தால் தூரம்தான் பிரச்சினை. அங்கும் வரவில்லையென்றால் வைஃபை பெயரில் ‘ஃபர்கெட்’ கொடுத்து, மறுபடி பாஸ்வேர்டு போடுங்கள். லேப்டாப்பில் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நாளாகிவிட்ட லேப்டாப்பில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால், நெட் இருந்தும் பல பக்கங்கள் திறக்க மறுக்கும்.

விண்ணப்ப நாள், தேர்வு நாள் போன்ற முக்கியமான நேரங்களில் வைஃபையை நம்பாமல், பெட்டியையும் லேப்டாப்பையும் லேன் ஒயரால் நேரடியாக இணைத்துவிடுங்கள். மின்வெட்டுக்கு ‘மினி யூபிஎஸ்’ என்று சின்னப் பெட்டி கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

வைஃபை நின்றுவிட்ட நாளில் போனின் ‘ஹாட்ஸ்பாட்’டைப் போட்டு லேப்டாப்பை அதில் சேர்க்கலாம். அப்போது லேப்டாப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் இறங்கி, அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிடும்.

“உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த ஆப்பை ஏற்றுங்கள்” என்று அழைப்பு வந்தால் நம்ப வேண்டாம். ஓடிபி எதற்காக வந்திருக்கிறது என்று அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படிக்காமல் யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

இணைப்பு யார் பெயரில், வாடிக்கையாளர் எண், பதிவு செய்த செல்போன் எண், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டு, புகார் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அது ஒருவர் மனதில் மட்டும் இருந்தால், அவர் விமானம் ஏறும்போது அதுவும் ஏறிவிடும்.

அந்தத் தாயாரின் மகள் இந்த ஆண்டு விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார். தெருவில் வேறு மூன்று வீடுகளுக்கும் அவரே போய் லேப்டாப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்தபிறகும் சேரவில்லையென்றால், லேப்டாப்பையும் பெட்டி ஸ்டிக்கரின் படத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்வோம். விண்ணப்பத்தின் கடைசி நாள்வரை மட்டும் காத்திருக்க வேண்டாம்.

— செயலாளர்