இங்கிலீஷில் யார் யாருக்குக் கட்டணும்?



தமிழில் "குழு வங்கிக்குக் கட்டும்", "வங்கிக்குக் குழு கட்டும்" இரண்டும் ஒன்றுதான். "க்கு" காட்டிக் கொடுத்துடும். இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. நிற்கிற இடம்தான் கணக்கு. "தி குரூப் பேஸ் தி பேங்க்" என்றால் நாம் கட்டணும். "தி பேங்க் பேஸ் தி குரூப்" என்றால் வங்கி நமக்குத் தரணும்.

"பை" வந்தால் மட்டும் உஷார்! "பெய்ட் பை தி குரூப்" என்றால், பின்னால் நின்றாலும் கட்டுவது குழுதான்.

கடன் பத்திரத்தில் முதல் பக்கம் தாண்டினால் பெரும்பாலும் நம்ம பேர் வராது, "பாரோயர்" என்றே வரும். கடன் வாங்குகிற நாம்தான் அது. "லெண்டர்" வங்கி. நாங்கள் கூட்டங்களில் அழுத்திச் சொல்வது "கேரண்டர்" பற்றித்தான். அங்கே உங்க பேர் இருந்தால், வாங்கினவங்க கட்டாதபோது உங்களைத்தான் கேட்பாங்க. கையெழுத்துக்கு முன்னாடி விரல் வைத்துத் தேடிப் பாருங்க.